நான் சொன்ன கருத்து வேறொருவர் பெயரில் பதிவாகிறது: தலைமைக் கூட்டங்களில் எப்படிப் பேசுவது?

கேள்வி: பரந்தன் சந்தி

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் இயங்கும் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் முகாமையாளராக இருக்கிறேன். தலைமை அலுவலகம் கொழும்பில் உள்ளது. கடந்த ஆண்டு நிறுவனத்தின் செயற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பதினான்கு பேர் கொண்ட அந்தக் குழுவில் பெண்கள் மூவர், தமிழர்களும் மூவர். இரண்டிலும் எண்ணப்படுபவள் நான் ஒருத்தி மட்டுமே.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினேழு வயது. மீள்குடியேறிய பிறகு தகரக் கொட்டகை வகுப்பில் உயர்தரம் படித்து, வவுனியா வளாகத்தில் வணிகக் கற்கை முடித்து, மேற்பார்வையாளராக வேலையில் சேர்ந்து, படிப்படியாக இந்த இடத்துக்கு வந்தேன். தையல் லைன்களுக்கு நடுவே நின்று நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் பேசுவதற்கு எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. ஆனால் கொழும்பில் அந்த நீண்ட மேசைக்கு முன்னால் அமர்ந்தவுடன் என் குரல் எனக்கே கேட்காததுபோல ஆகிவிடுகிறது.

மாசி மாதக் கூட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் காலபோக அறுவடைக் காலத்தில் எங்கள் தொழிற்சாலையில் வரவு குறையும். அறுவடையை இயந்திரம் செய்தாலும், நெல்லை முற்றத்திலும் வீதியோரத்திலும் பரவிக் காயவிட்டு, மழைக்குணம் தெரிந்தால் ஓடிப்போய் அள்ளி மூடை கட்டுவது இங்கே பெண்களின் வேலையாகவே இருக்கிறது. விசுவமடு, தர்மபுரம், அக்கராயன் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் வீட்டின் ஒரே உழைப்பாளிகள். அவர்கள் விரும்பி லீவு எடுப்பதில்லை. தலைமை அலுவலகமோ இதை ஒழுக்கக் குறைவு என்று கருதி, வரவு ஊக்கக் கொடுப்பனவை வெட்டும் யோசனையை முன்வைத்தது. கொடுப்பனவை வெட்ட வேண்டாம், அந்த ஆறு கிழமைகளின் டார்கெட்டைக் குறைத்து அதற்கு முன்னும் பின்னும் பகிர்ந்தால் ஆண்டு உற்பத்தி குறையாது என்று நான் மூன்று ஆண்டு வரவுக் கணக்கோடு சொன்னேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். பத்து நிமிடம் கழித்து, வேறொரு தொழிற்சாலையைப் பார்க்கும் ஆண் சகா ஒருவர் அதே யோசனையைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் வந்த கூட்டறிக்கையில் அது அவருடைய முன்மொழிவாகப் பதிவாகியிருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

என் ஆங்கிலம் எழுத்தில் திருத்தமானது. பேசும்போது சற்று மெதுவாக வரும். சிங்களம் வேலைத்தளத்தில் கேட்டுப் பழகியது. பிழை எங்கே இருக்கிறது? என்னிடம் துணிவு போதாதா, மொழி போதாதா, அல்லது வேறு ஏதாவதா? மேற்கு நாட்டு நிறுவனங்களில் வெள்ளையர் அல்லாத பெண்கள் தலைமைப் பதவிகளில் துணிந்து பேசுவது பற்றி நிறைய எழுதப்படுகிறது. எல்லோருமே ஒரே நிறமாக இருக்கும் எங்கள் நாட்டுக்கு அந்த அனுபவம் பொருந்துமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: புதுக்குடியிருப்பு – ரொறன்ரோ

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. புதுக்குடியிருப்பில் பிறந்த நான் இங்கே ஒரு நிதி நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்; அதில் கடைசி ஆறு ஆண்டுகள் பிரிவுத் தலைவியாக. நீங்கள் எழுதிய கூட்டறிக்கை வரி எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு தடவை அல்ல.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடர்ந்த வழக்கு ஒன்று 1976இல் தீர்ப்பானது. அந்த நிறுவனம் 1964க்கு முன்னர் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. ஆகவே பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, சேவைமூப்புக் குறைந்த அவர்களே முதலில் வேலையிழந்தார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பால் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாட்டையும் பால் பாகுபாட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் புதிதாக ஒரு முறைப்பாட்டை உருவாக்க முடியாது என்றது. ஆனால் நிறுவனம் எடுத்திருந்த பெண்கள் வெள்ளைக்காரிகள், அலுவலக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். தொழிற்சாலைத் தளத்தில் இருந்த கறுப்பினத்தவர்களோ ஆண்கள். கறுப்பினப் பெண் இரண்டு கணக்குக்கும் நடுவே விழுந்துவிட்டாள். சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான், ஒருவர்மேல் இரண்டு பாகுபாடுகள் குறுக்கிடும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்.

இப்போது உங்கள் குழுவைப் பாருங்கள். பெண்கள் மூவர் இருக்கிறார்கள் என்று நிறுவனம் சொல்லும். தமிழர்கள் மூவர் இருக்கிறார்கள் என்றும் சொல்லும். இரண்டும் உண்மை. ஆனால் வன்னியிலிருந்து, போரைக் கடந்து, இலவசக் கல்வியில் படித்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி சொல்வதைக் கேட்பதற்கு அந்த மேசைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. இது நிறத்தோடு மட்டும் முடிகிற விடயம் அல்ல. யாருடைய சொல்லுக்கு இயல்பாகவே எடை கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. அந்த எடையைக் கனடாவில் தோலும் பெயரும் தீர்மானிக்கலாம். கொழும்பில் மொழியும் ஊரும் பாடசாலையும் தீர்மானிக்கலாம்.

ஆகவே உங்களிடம் துணிவு இல்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும், வேலைத்தளப் பெண்களுக்கான லீன் இன் அமைப்பும் வட அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆரம்பநிலையிலிருந்து முகாமையாளர் பதவிக்கு 100 ஆண்கள் உயரும்போது 87 பெண்களே உயர்கிறார்கள். வெள்ளையர் அல்லாத பெண்களைத் தனியாகப் பார்த்தால் 73 பேர். உச்சிப் பதவிகளில் அவர்களின் பங்கு 6 வீதம். நூறுக்கும் எழுபத்துமூன்றுக்கும் நடுவே விடுபட்ட அந்த 27 பேரும் வாய்திறக்கத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

இருந்தாலும், பேசியே மேலே வந்தவர்களும் உண்டு. நியூயோர்க்கின் அரச தொடர்மாடிக் குடியிருப்பில் தாயின் உழைப்பில் வளர்ந்த ஏர்சுலா பேர்ன்ஸ், 1980இல் செரொக்ஸ் நிறுவனத்தில் கோடைகாலப் பயிற்சியாளராகச் சேர்ந்த பொறியியலாளர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மூத்த அதிகாரி ஒருவரின் உதவியாளராகக் கூட்டங்களில் ஓரமாக அமர்ந்திருந்த காலத்தில், இனி ஆட்சேர்ப்பு இல்லை என்று நிறுவனத் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் அறிவிப்பதையும், ஆனால் மாதந்தோறும் ஆயிரம் பேர்வரை சேர்க்கப்படுவதையும் கவனித்தார். ஒருநாள் கையை உயர்த்தி, ஆட்சேர்ப்பு இல்லை என்று சொல்லி அதை உண்மையிலேயே நிறுத்தக்கூடியவர் இங்கே யார் என்று தலைவரிடமே கேட்டுவிட்டார். அந்தத் தலைவர் அவரைப் பின்னர் தன் சொந்த நிறைவேற்று உதவியாளராக ஆக்கிக்கொண்டார். 2009இல் பேர்ன்ஸ் அதே நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியானார். அமெரிக்காவின் மிகப் பெரிய 500 நிறுவனங்களைக் கொண்ட ஃபோர்ச்சூன் 500 பட்டியலில் உள்ள நிறுவனமொன்றுக்கு அப்பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். எல்லாத் தலைவர்களும் அப்படி நடந்துகொள்ள மாட்டார்கள் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அதே மாதிரியான கேள்வியை நான் கேட்டபோது, என் ஆண்டு மதிப்பீட்டில் 'தொனி கடுமையானது' என்று எழுதினார்கள். ஆனால் பேர்ன்ஸ் கேட்டது ஒரு கணக்கு என்பதைக் கவனியுங்கள். சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர் சுட்டிக்காட்டினார். உங்கள் கையிலும் மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கிறது.

உடனே செய்யக்கூடிய ஒன்று: ஒபாமாவின் ஆட்சிக்காலத்தில் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒருவர் சொன்ன நல்ல கருத்தை இன்னொருவர் உடனே எடுத்து, சொன்னவரின் பெயரையும் சேர்த்து மறுபடி சொல்வார். அதன் பிறகு அதை வேறொருவர் தன்னுடையதாக்க இயலாது. உங்கள் குழுவில் உள்ள மற்ற இரண்டு பெண்களில் ஒருவரோடாவது கூட்டத்துக்கு முன்னர் பேசிப் பாருங்கள். அவர் சிங்களப் பெண்ணாக இருந்தால் என்ன? அவருடைய கருத்தும் இதே மேசையில் காணாமற்போயிருக்கும்.

பதில் 2: முள்ளியவளை அம்மா

பிள்ளை, எனக்குக் கம்பனி நிர்வாகம் தெரியாது. எங்கள் கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பதினொரு ஆண்டு தலைவியாக இருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மீள்குடியேறிய காலத்தில் பிரதேச செயலகக் கூட்டங்களுக்கு எங்களை அழைப்பார்கள். முன்வரிசையில் உத்தியோகத்தர்கள், அதற்குப் பின்னால் கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், கடைசி வரிசைப் பிளாஸ்ரிக் கதிரைகளில் நாங்கள். 'மாதர் சங்கம் ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று கடைசியில் கேட்பார்கள். அந்த நேரம் தேநீர் வந்திருக்கும். எங்கள் கிணறுகள் இறைக்கப்படாமல் கிடந்த விடயத்தை நான் மூன்று கூட்டங்களில் வாயால் சொன்னேன், பயனில்லை. நான்காவது கூட்டத்துக்கு முதல்நாள், இறைக்காத இருபத்திரண்டு கிணறுகளின் சொந்தக்காரர் பெயர், வீட்டிலக்கம், அந்த வீட்டில் உள்ள சிறுபிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதி, அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் 'பெற்றுக்கொண்டேன்' என்று இறப்பர் முத்திரை வாங்கினேன். மறுநாள் அந்த முத்திரைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். என் குரல் அன்றும் நடுங்கியது. ஆனால் தாளில் முத்திரை இருந்ததால் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய்க் கடல்நீரில் விளக்கெரியும் கண்ணகித் தாயைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். அவள் அரசன் சபையில் அழுது மட்டும் நின்றவள் அல்லவே. என் சிலம்பின் பரல் மாணிக்கம், உன் சிலம்பின் பரல் என்ன என்று கேட்டாள். கையில் சாட்சிப் பொருள் இருந்தது. அதனால்தான் அரசனால் மறுத்துப் பேச முடியவில்லை.

எங்கள் பெண்களுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் அமர்ந்தார்கள். அதே ஆண்டில் கேப்பாப்பிலவில் இராணுவம் வைத்திருந்த தங்கள் காணிக்காகப் பெண்கள் குழந்தைகளோடு வீதியில் இரவுபகலாக இருந்தார்கள். வெளிநாட்டுத் தூதுவர்களுக்கும் அமைச்சர்களுக்கும் முன்னால், ஒரு துண்டுக் கடதாசியும் பாராமல், திகதி பிசகாமல் நடந்ததைச் சொன்னவர்கள் அவர்கள். நீங்கள் அந்த மண்ணில் இருந்து கொழும்புக்குப் போகிறீர்கள்.

பதில் 3: வவுனியா நகரம்

நான் ஓர் ஆண், இடைநிலை முகாமையாளர். முதலில் என் தரப்புப் பிழையைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கூட்டமொன்றில் பெண் சகா ஒருவர் சொன்ன யோசனையை நான் வேறு சொற்களில் திருப்பிச் சொன்னேன். அது என் பெயரில் பதிவானது. நான் திருடும் எண்ணத்தோடு செய்யவில்லை. அவர் சொன்னது மனதில் பதிந்து, பிறகு என்னுடைய எண்ணமாகவே தோன்றிவிட்டது. அறிக்கையைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் திருத்தச் சொல்லாமல் விட்டேன். அந்தக் குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது. ஆகவே உங்கள் சகாவுடன் தனியாகப் பேசிப் பாருங்கள் என்பது என் ஆலோசனை. அவரும் என்னைப்போல் அறியாமல் செய்தவராக இருக்கலாம். அப்படியானால் அடுத்த கூட்டத்தில் அவரே திருத்துவார்.

நடைமுறையில் இன்னொன்று. முந்தைய கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவது எந்தக் கூட்டத்திலும் முதல் விடயமாக இருக்கும். பெரும்பாலானோர் அதை வாசிக்காமலே தலையாட்டுவார்கள். திருத்தம் கேட்க உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கோபமாகச் சொல்லத் தேவையில்லை. இந்த முன்மொழிவை முதலில் நான் வரவுக் கணக்குடன் சமர்ப்பித்தேன், பதிவைத் திருத்தவும் என்று இரண்டு வசனம் போதும்.

கதிரை கிடைத்தவுடன் குரலும் கிடைத்துவிடாது என்பதை உள்ளூராட்சி மன்றங்களில் பார்த்தோம். 25 வீத ஒதுக்கீட்டின் பயனாக 2018 தேர்தலோடு பெண்கள் சபைகளுக்குள் வந்தார்கள். நான் பார்வையாளராகச் சென்ற ஒரு சபையில், முதல் மாதங்களில் பெண் உறுப்பினர் எழுந்தால் ஆண்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்குவார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஐந்து நிமிடம், இடையில் எவரும் பேசக்கூடாது என்று தவிசாளர் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய பிறகுதான் நிலைமை மாறியது. ஆகவே கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி, நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயரோடு நேரம் ஒதுக்கக் கேளுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் ஆண்டு செலவழித்தாவது சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் சரளமாக்கிக்கொண்டு பிறகு பெரிய விடயங்களை எடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

பதில் 4: புதுக்குடியிருப்பு – ரொறன்ரோ

வவுனியா நண்பர் தன் பிழையை வெளிப்படையாக எழுதியதை மதிக்கிறேன். கூட்டறிக்கைத் திருத்தம் மிகச் சரியான வழி. ஆனால் மொழி பற்றிய ஆலோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. மொழி படிப்பது நல்லதுதான், நானும் படித்தேன். ஆனால் மொழி சரளமாகும்வரை பெரிய விடயங்களைத் தள்ளிவைத்தால், அந்த நாள் வராது. பதினெட்டு ஆண்டுக்குப் பிறகும் என் உச்சரிப்பைக் கேட்டு 'நீங்கள் எந்த ஊர்' என்று கேட்கிறார்கள். நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தால் இன்னும் கணக்காளராகவே இருந்திருப்பேன். மேலும், இந்த ஆண்டு அறுவடைக் காலத்தில் கொடுப்பனவு வெட்டப்பட்டால் இழப்பு விசுவமடுப் பிள்ளைகளுக்கு. அவர்களால் ஓர் ஆண்டு பொறுக்க முடியாது.

தங்கச்சி, மெதுவாகப் பேசுவது குறையல்ல. வசனங்களைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முடிவைச் சொல்லுங்கள், பிறகு எண்ணைச் சொல்லுங்கள், பிறகு காரணத்தைச் சொல்லுங்கள். நம் பழக்கம் காரணத்தில் தொடங்கி, பணிவாகச் சுற்றி, கடைசியில் முடிவுக்கு வருவது. அந்தக் கடைசி வருவதற்குள் அவர்கள் குறுக்கே பேசிவிடுவார்கள். குறுக்கிட்டால், 'நான் இன்னும் முடிக்கவில்லை' என்பதை மூன்று மொழியிலும் மனப்பாடம் செய்து வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்: பரந்தன் சந்தி

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கூட்டம் நேற்றுத்தான் முடிந்தது.

முள்ளியவளை அம்மா சொன்னபடி, கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னதாக, ஒரே பக்கத்தில் அட்டவணையோடு எழுதிக் குழுவிலுள்ள பதின்மூன்று பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ஆண் சகாவுடன் தொலைபேசியில் பேசினேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, நீங்கள் சொன்னது எனக்கு நினைவில் இருக்கிறது என்றார். கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும்போது நான் திருத்தம் கேட்டேன். அவர் அதை வழிமொழிந்தார். செயலாளர் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தது, அதையும் திருத்தச் சொன்னேன்.

டார்கெட் பற்றிப் பேசும்போது நிதிப் பிரிவைச் சேர்ந்தவர் இரண்டு தடவை குறுக்கிட்டார். முதல் தடவை நான் நிறுத்திவிட்டேன். இரண்டாம் தடவை, நான் இன்னும் முடிக்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். உச்சரிப்பு எப்படி இருந்ததோ தெரியாது, அவர் நிறுத்தினார். மேசையின் மறுபக்கம் இருந்த தரக்கட்டுப்பாட்டு முகாமையாளர், சிங்களப் பெண், என் பெயரைச் சொல்லி என் எண்ணை மறுபடி சொன்னார். அவரிடம் நான் முன்னதாகப் பேசவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

முடிவு இன்னும் வரவில்லை. கொடுப்பனவை வெட்டும் யோசனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. டார்கெட் மாற்றத்தை அடுத்த கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அதற்கு எங்கள் லைன் மேற்பார்வையாளர் ஒருவரை அழைத்துச் செல்ல அனுமதி கேட்டிருக்கிறேன். அவர் தர்மபுரத்தில் இருந்து வருபவர், இரண்டு பிள்ளைகளின் தாய், நெல் காயப்போடும் காலம் என்ன என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பதா, அல்லது நிறுவனமே ஒரு மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்பதா? நானே மொழிபெயர்த்தால் அவருடைய சொல் மீண்டும் என் சொல்லாகப் பதிவாகிவிடுமோ என்று யோசிக்கிறேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.